மலைவேம்புக் குதிரையின் பாரம்

ஜுனைதீனின் கையில் வேப்பெண்ணெய் வாடை இல்லாத நாளை அவருடைய மனைவி றாபியா கண்டதில்லை. கல்யாணத்தன்றுகூட அந்த வாடை இருந்ததாம். அத்தர் பூசி மறைக்கப் பார்த்து, இரண்டும் கலந்து, மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர்களெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்ட கதையை முப்பத்தைந்து வருஷமாக அவள் சொல்லிச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். பள்ளிவாசலில் தோளோடு தோள் சேர்த்து நிற்கும்போது பக்கத்தில் நிற்பது யாரென்று திரும்பிப் பார்க்காமலே தெரிந்துவிடும். மாத்தளை டவுனில் ஜுனைதீன் என்ற பெயரில் ஏழெட்டுப் பேர் இருக்கலாம். அண்ணன் முறை வைத்து ‘எண்ணெய் நானா’ என்று எல்லாரும் கூப்பிடுவது அவர் ஒருவரைத்தான்.

பழைய மரச் சாமான்களுக்கு எண்ணெய் போடுவது அவர் தொழில். இதென்ன பெரிய தொழில், துணியும் எண்ணெயும் இருந்தால் யாரும் செய்யலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அப்படிக் கேட்டவர்களின் வீட்டுப் பெட்டகங்களைத்தான் அவர் வாழ்நாளெல்லாம் சரிக்கட்டிக்கொண்டு திரிந்தார். வார்னிஷ் அடிப்பவனைக் கண்டாலே அவருக்கு ஆகாது. மரத்துக்கு மூச்சு முட்ட வைத்துவிட்டு அதற்குக் காசும் வாங்குகிறான்கள் என்று திட்டுவார்.

அவருக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை. பதினெட்டு வயதில் நாவுலைக்குப் போகும் பாதையோரத்தில், வெள்ளைக்காரர்கள் வந்து இறங்கும் ஒரு பழைய சாமான் கடையில் தூசி தட்டும் வேலைக்குச் சேர்ந்தார். விலைபோகாமல் கிடந்த ஒரு பெட்டகம் பளபளக்கட்டுமே என்று வீட்டிலிருந்து ஒரு போத்தல் தேங்காயெண்ணெய் கொண்டுவந்து தேய்த்தார். இரண்டு நாள் ஜொலித்தது. மூன்றாம் வாரம் சிக்கு நாற்றம், பூஞ்சணம், எறும்பு என்று எல்லாம் ஒன்றாக வந்து சேர்ந்தன. முதலாளி கன்னத்தில் ஒன்று வைத்தார். தேங்காயெண்ணெய் மரத்தில் காயாது என்பதை ஜுனைதீன் அந்த அடியிலிருந்துதான் கற்றுக்கொண்டார். மிச்சத்தையும் இப்படியே ஒவ்வொன்றாகக் கெடுத்துக் கெடுத்துத்தான் தெரிந்துகொண்டார்.

கடைசியில் அவர் கையில் நின்றது மூன்று எண்ணெய். பூச்சி அண்டாமலிருக்க வேப்பெண்ணெய். நாருக்குள் இறங்கி மரம் வெடிக்காமல் காப்பதற்கு இலுப்பெண்ணெய். எல்லாவற்றுக்கும் மேலே கெக்குண எண்ணெய். கெக்குணக் கொட்டையைச் சிங்களக் கிராமங்களில் ஆட்டி அதை எடுப்பார்கள். காற்றுப் பட்டதும் மெல்லிய தோல்போல இறுகிக்கொள்ளும். கெக்குண எண்ணெயைக் ‘கதவு சாத்துற எண்ணெய்’ என்று சொல்வார் ஜுனைதீன். அதைப் பூசிவிட்டால் வெளியே இருப்பது உள்ளே போகாது, உள்ளே இருப்பது வெளியே வராது. அதனால் மரம் நன்றாகக் காய்ந்திருக்கிறதா என்று பார்க்காமல் அந்தப் போத்தலைத் திறக்கவே மாட்டார். வாசத்துக்குக் கராம்புத் தைலம் நாலு சொட்டு விடுவார். அது மரத்துக்கு இல்லையாம், அவருக்காம்.

இருபத்திரண்டு வருஷமாக அவர் தவறாமல் செய்த ஒரு வேலை யட்டவத்தைக்கு மேலே, வாழைக்கந்தைத் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோயில் குதிரை. அம்மன் ஏறி வரும் வாகனம் அது. தோட்ட வேலைக்கு முதல் வந்த சனத்தின் காலத்தில் அங்கேயே நின்ற ஒரு மலைவேம்பை வெட்டிச் செதுக்கியதென்று சொல்வார்கள். லேசான மரம், நாலு பேர் தூக்கினால் போதும். அப்படித்தான் தோட்டத்தில் சொன்னார்கள். ஜுனைதீன் அதை ஒருநாளும் தூக்கிப் பார்த்ததில்லை. அவர் போவார், குதிரை நின்ற இடத்திலேயே நிற்கும், அதைச் சுற்றி உட்கார்ந்தும் எழுந்தும் தேய்ப்பார். அம்மனைச் சுமக்கும் தோள் அவருடையதில்லை என்ற மரியாதையும் இருந்தது.

பங்குனித் திருவிழாவுக்கு முன்னால் அந்த வேலை நடக்கும் பத்து நாளும் அவர் இறைச்சி, மீன் தொடமாட்டார். யாரும் கேட்கவில்லை, அவராக வைத்துக்கொண்ட வழக்கம். “மாத்தளையில குதிரைக்காகக் கறி தின்னாத ஒரே சோனகர் நீங்கதான்” என்று றாபியா கிண்டல் செய்வாள். தோட்டத்தில் பூசாரி சுந்தரலிங்கத்தின் மனைவி சந்திரகாந்தா அவருக்கென்று மாசிக்கருவாடு போடாமல் கட்டச்சம்பல் இடித்து, சுடச்சுட ரொட்டியோடு கொடுத்துவிடுவாள். சுந்தரலிங்கம் பகலில் கொழுந்து நிறுக்கும் இடத்தில் வேலை, காலையும் மாலையும் பூசை. குதிரையின் பக்கத்தில் குந்திக்கொண்டு ஜுனைதீனோடு ஊர்க்கதை பேசுவதில் அவருக்கு அலுப்பே வராது. இரண்டு பேருக்கும் நெருக்கம் அப்படி வந்தது.

கார்த்திகை மாதத்தில் மலை இறங்கி வந்தது. நாலு நாள் விடாத மழைக்குப் பிறகு ஒரு காலைப்பொழுதில், சுந்தரலிங்கம் பேத்திக்குப் பால்மா வாங்க பஜாருக்கு இறங்கியிருந்த நேரத்தில், மேட்டு லயத்து வீடுகளும் கோயிலும் மண்சரிவில் போய்விட்டன. அவர் திரும்பி வந்தபோது ஏறிப்போகப் பாதை இல்லை. சந்திரகாந்தா, மகள் நிரஞ்சனி, மூன்று வயதுப் பேத்தி, மூவரும் அந்த மண்ணுக்குள். மகளின் உடலைப் பிறகு எடுத்தார்கள். மற்ற இருவரையும் எடுக்கவே இல்லை. அம்மன் சிலையும் கிடைக்கவில்லை. பதினோராம் நாள் ஆற்றோரத்தில் சேறு வழித்தபோது கிடைத்தது குதிரை மட்டுந்தான். ஒரு காது உடைந்திருந்தது, மற்றபடி முழுசாக இருந்தது.

பாதை திறந்ததும் சுந்தரலிங்கம் நேரே ஜுனைதீன் வீட்டுக்கு வந்தார். தாடி வளர்ந்து, யாரோ கொடுத்த பெரிய சட்டைக்குள் ஆளையே காணோம். றாபியா அவரைப் பார்த்ததும் அழுதுவிட்டாள். அவர் அழவில்லை. கொடுத்த தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல், குதிரையைப் பற்றி மட்டும் பேசினார்.

“நானா, பங்குனிக்கு அத தூக்கணும். ஒங்கள நம்பித்தான் வந்திருக்கேன்.”

ஜுனைதீன் தலையை ஆட்டினார். “பூசாரி, அது பதினோரு நாள் சேத்துக்குள்ள கெடந்த மரம். மலைவேம்பு தண்ணிய அப்பிடியே குடிக்கும். நிழல்ல ஒரு வருஷம் போட்டு வைக்கோணும். அவசரப்பட்டு எண்ணெ வெச்சா நாசம்.”

“ஒரு வருஷத்துக்கு அப்பறம் யாருங்க இருக்கா தூக்க?” என்றார் சுந்தரலிங்கம். “இப்ப எல்லாரும் ஸ்கூல்ல ஒண்ணாக் கெடக்குறோம். கவுர்மென்டு டி.எஸ். ஆபிஸ்ல காணி ரெண்டு எடத்துல தாரோங்கறாங்க. பாதிப் பேரு இங்க, பாதிப் பேரு எங்கயோ. தம்புள்ளைக்கு மூட்டை தூக்கப் போறேன்னு ஏழெட்டுக் குடும்பம் இப்பவே கெளம்பிருச்சு. இந்தப் பங்குனிக்கு அம்மா வரலன்னா இனி வரவே மாட்டாங்க நானா. எனக்கும் வேற ஒண்ணுமில்ல.”

கடைசி மூன்று சொல்லை அவர் மெதுவாகத்தான் சொன்னார். ஜுனைதீனுக்கு இருபத்திரண்டு வருஷம் தின்ற ரொட்டியும் சம்பலும் நினைவுக்கு வந்தன. முடியாது என்று இரண்டாம் தடவை சொல்ல வாய் வரவில்லை. “பாப்போம், இன்ஷா அல்லாஹ்” என்றார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு சுந்தரலிங்கம் எழுந்து போனார்.

வழி ஒன்று இருக்கத்தான் செய்தது. அந்த வழி மிளகும் கராம்பும் விளையும் மாத்தளை ஊர்க்காரனுக்கு மட்டும்தான் தோன்றும். ஜுனைதீனின் மருமகன் முறையான அன்ஸாப் மிளகு, கராம்பு, சாதிக்காய் வாங்கி விற்பவன். அவனிடம் சுடுகாற்று அடிக்கும் ஒரு டிரையர் அறை இருந்தது. ஈர மிளகை உள்ளே தள்ளினால் மறுநாள் கலகலவென்று வரும். அந்த வருஷம் மழை மிளகுக் கொடிகளைப் பிய்த்து எறிந்துவிட்டதால் டிரையர் சும்மா கிடந்தது.

“மிளகு காயுது, சாதிக்காய் காயுது, குதிரை காயாதா மாமா?” என்றான் அன்ஸாப்.

காயும் என்றுதான் ஜுனைதீனும் நினைத்தார். நினைக்க விரும்பினார் என்று சொல்வதே சரி. மிளகு ஒரு மணியளவு, குதிரை ஓர் ஆள் உயரம் என்ற வித்தியாசம் அவருக்குத் தெரியாததல்ல. ஆனால் பங்குனி நெருங்கிக்கொண்டிருந்தது. தை மாதத்தில் லொறியில் கொண்டுவந்து, அன்ஸாபின் ஆட்கள் உருட்டி உள்ளே வைத்தார்கள். சூட்டைக் குறைத்துப் பதினாறு நாள் வைத்தார். தினமும் போய்த் தடவிப் பார்த்தார். சேற்றின் கறுப்புப் போய் மரம் வெளுத்து வந்தது. விரல் முட்டியால் தட்டினால் கிண்ணென்று கேட்டது. கழுத்தில், விலாவில், தொடையில் எங்கே தட்டினாலும் அதே ஓசைதான். நல்லாக் காய்ந்த மரத்தின் ஓசை. வெளியே எடுக்கும்போது தூக்கியது அன்ஸாபின் ஆட்கள். அவர்களுக்கு அது முன்பு எவ்வளவு பாரம் என்று தெரியாது. ஜுனைதீனுக்கும் தெரியாது.

சூடு மேல்தோலைச் சுட்டு இறுக்கிவிட்டது, ஈரம் உள்ளே நடுமரத்துக்கு ஓடி ஒளிந்துகொண்டது என்பதை அந்த ஓசை சொல்லவில்லை.

அதற்குள் பகலில் பச்சைத் தண்ணீரும் தொடாத நோன்பு மாதம் தொடங்கியிருந்ததால் அந்த வருஷம் கறிப் பேச்சே எழவில்லை. பசியோடு அவர் வேப்பெண்ணெயைத் தேய்த்தார். மூன்று நாள் விட்டு இலுப்பெண்ணெய், பிறகு இன்னொரு கை இலுப்பெண்ணெய். உடைந்த காதுக்குப் புதுக்காது செதுக்கி ஒட்டினார். கடைசியாகக் கெக்குண எண்ணெய்ப் போத்தலைத் திறந்தார். திறக்கும்போது ஒரு கணம் கை நின்றது. மறுபடி ஒரு தடவை தட்டிப் பார்த்தார். கிண்ணென்றது. கதவைச் சாத்தினார்.

குதிரை அப்படியொரு அழகாக இருந்தது. அதைப் பார்க்க வந்த றாபியாவே வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

பங்குனித் திருவிழா பாடசாலை மைதானத்தில் நடந்தது. கோயில் இல்லை, சிலை இல்லை. குதிரையின் முதுகில் ஒரு செப்புக் குடத்தில் தண்ணீர் வைத்து, வேப்பிலை சொருகி, மஞ்சள் சேலை கட்டியிருந்தார்கள். சொந்தக்காரர் வீடுகளுக்குப் போன சனங்கள், தம்புள்ளையில் மரக்கறி மூட்டை தூக்குபவர்கள் எல்லாரும் திரும்பி வந்திருந்தார்கள். ஜுனைதீன் வழக்கம்போல ஓரமாக, பாடசாலைக் குழாயடியில் நின்றார்.

முன்னால் தோள் கொடுத்தவன் சசிக்குமார், வருஷா வருஷம் குதிரை தூக்குபவன். நாலு பேரும் தோள்மரத்தைப் பிடித்து எழும்பினார்கள். குதிரை அசையவில்லை. சனம் கொஞ்சம் சிரித்தது. மறுபடி முயன்றார்கள். ஒரு சாண் எழும்பி, தடுமாறி, உட்கார்ந்தது.

“என்னங்கடா, ஸ்கூல்ல பருப்பும் சோறும் தின்னு சத்து போயிருச்சா?” என்று ஒருவன் கத்தினான்.

சசிக்குமார் திரும்பினான். முகம் வெளிறியிருந்தது. “இல்லண்ணே, நெசமாவே பாரமா இருக்கு. இப்படி எப்பவுமே இருந்ததில்ல.”

பிறகு சத்தமாக, அழுகையும் சிரிப்புமாக அவன் கூவினான்: “அம்மா ஏறிட்டாங்க! பூசாரி, அம்மா ஏறி ஒக்காந்துட்டாங்க!”

மைதானமே குலுங்கியது. பெண்கள் குலவையிட்டார்கள். இன்னும் நாலு பேர் ஓடிவந்து தோள் கொடுத்தார்கள். எட்டுப் பேர் சேர்ந்து, வியர்த்து விறுவிறுத்து, அடி அடியாகக் குதிரையை நகர்த்தினார்கள். பாரம் கூடக்கூடச் சனத்துக்குச் சந்தோஷம் கூடியது. சுந்தரலிங்கம் குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு விம்மி விம்மி அழுதார். கார்த்திகைக்குப் பிறகு அவர் அழுதது அன்றுதான்.

ஜுனைதீன் குழாயடியிலேயே நின்றார். தண்ணீர், தண்ணீர் என்று அவர் மனம் அடித்துக்கொண்டது. குடத்துத் தண்ணீர் அல்ல. சேற்றில் கிடந்து குடித்த தண்ணீர் அத்தனையும் அந்த மரத்தின் வயிற்றுக்குள்ளே இருக்கிறது. அதை உள்ளே வைத்துத்தான் அவர் கதவைச் சாத்தியிருக்கிறார்.

இப்போது சொன்னால் குதிரை தப்பிக்கும். எண்ணெயைச் சுரண்டி, அடிவயிற்றில் நாலு துளை போட்டு, நிழலில் ஒரு வருஷம் கிடத்தினால் மரம் பிழைக்கவும் கூடும். ஜுனைதீன் இரண்டு அடி முன்னே வைத்தார். அதற்குள் சுந்தரலிங்கமே அவரைக் கண்டு ஓடிவந்து, எண்ணெய் வாடை அடிக்கும் அந்த இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“ஒங்க கைக்கு அம்மா எறங்கி வந்தாங்க நானா. அவங்க வந்தா எல்லாரும் வந்த மாதிரிதான். சந்திரகாந்தா, புள்ள, எல்லாரும்.”

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எவனால் சொல்ல முடியும்? நாளைக்குச் சொல்லலாம் என்று ஜுனைதீன் வீட்டுக்கு வந்தார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் போவோம் என்று நினைத்தார். போகவில்லை. அடுத்த வெள்ளியும் போகவில்லை. சுந்தரலிங்கம் தாடியை எடுத்துவிட்டாராம், சாப்பிடுகிறாராம், குதிரைக்குத் தகரக் கொட்டகை போட்டு விளக்கேற்றுகிறாராம் என்று யாராவது வந்து சொல்வார்கள். கேட்கக் கேட்க வாய் இன்னும் இறுகியது. றாபியாவிடம் மட்டும் ஒருநாள் சொன்னார். அவள், “அந்த மனுஷன் சிரிக்கிறார் என்டா, சிரிக்க விடுங்க” என்றாள். அவருக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

ஆடி மாதத்தில் சசிக்குமார் வந்து கூப்பிட்டான். பூசாரி ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை, குதிரைக்கு என்னவோ ஆகிவிட்டது, நீங்கள் வந்து பார்க்க வேண்டும் என்றான்.

பாடசாலை திறந்துவிட்டதால் சனங்கள் ஆற்றோரத்துத் தறப்பாள் கூடாரங்களுக்கு வந்திருந்தார்கள். பாதிக் கூடாரம் காலி. கொட்டகைக்குள் தகரத்தின் சூடு முகத்தில் அடித்தது. குதிரை வெளியே பார்க்க அதே பளபளப்போடு நின்றது. ஜுனைதீன் பின்காலுக்குப் பக்கத்தில் குந்தி, கட்டை விரலால் தொடையை அழுத்தினார். கெக்குண எண்ணெயின் மெல்லிய தோல் உடைந்து, விரல் முட்டி வரைக்கும் உள்ளே போனது. உள்ளே மரம் இல்லை, உளுத்த தவிடுதான் இருந்தது. அடிவயிற்றைத் துளைத்துக் கறையான் பாதை போட்டிருந்தது, குடித்த தண்ணீரும் அந்த வழியே வடிந்து போயிருந்தது. உள்ளே பாதி வெறும் கூடு. தலையை மட்டும் தட்டிப் பார்த்தார். அது இன்னும் கிண்ணென்றது.

சுந்தரலிங்கம் வாசலில் நின்றார். தாடி மறுபடி வளர்ந்திருந்தது.

“பத்து நாளைக்கு முன்ன கொட்டகையக் கூட்டறதுக்காக நகர்த்தினேன் நானா. நானும் சசியும் ரெண்டே பேரு. பஞ்சு மாதிரி வந்துருச்சு. எட்டுப் பேரு தூக்கின குதிரை.” கொஞ்சம் நிறுத்தினார். “அம்மா எறங்கிப் போயிட்டாங்க. நான் ஏதோ குத்தம் செஞ்சிருக்கேன். என்ன குத்தம்னு தெரியாம ஒம்பது நாளா பட்டினி கெடக்குறேன். அன்னைக்கு பால்மா வாங்க நான் எறங்கிப் போயிருக்கக் கூடாதுங்க. அவங்கள விட்டுட்டு நான் மட்டும் தப்பிச்சவன். என் கையில அம்மா எப்படி இருப்பாங்க?”

ஜுனைதீனால் தாங்க முடியவில்லை. எதை வேண்டுமானாலும் கேட்டுக்கொண்டிருக்கலாம், இதைக் கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது. இந்த மனிதன் தலையில் இந்தப் பழியும் ஏறவேண்டுமா?

“உங்கட குத்தம் ஒண்டும் இல்ல பூசாரி. எல்லாம் என்ட குத்தம்” என்று தொடங்கினார். டிரையரில் வைத்ததை, மேல்தோல் மட்டும் காய்ந்ததை, தட்டிப் பார்த்து ஏமாந்ததை, கதவு சாத்தியதை, மைதானத்திலேயே விளங்கிவிட்டும் நாலு மாதம் வாயைத் திறக்காததை, ஒன்றுவிடாமல் சொன்னார். “அன்டைக்கு இரிந்த பாரம் தண்ணி. மரத்துக்குள்ள இரிந்த தண்ணி. அது மரத்த உள்ளுக்க திண்டுட்டுது. வேற ஒண்டுமில்ல. நீங்க ஒரு பாவமும் செய்யல்ல.”

சுந்தரலிங்கம் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தார். பழைய கடை முதலாளியைப் போலக் கன்னத்தில் ஒன்று வைத்தால் நிம்மதியாக இருக்கும் என்றுகூட நினைத்தார். சுந்தரலிங்கம் கையை ஓங்கவில்லை. குதிரையின் வெற்று முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, சின்னப் பிள்ளை கேட்பதுபோல மெதுவாகக் கேட்டார்:

“அப்ப அன்னைக்கும் அவங்க வரலயா, நானா?”

ஜுனைதீன் பாவத்தை இறக்கி வைக்கிறேன் என்று வந்து, அந்த மனிதனிடம் மிச்சமிருந்த அந்த ஒரு பங்குனி நாளையும் அல்லவா பிடுங்கிவிட்டார்.

அவர் பதில் சொல்லமாட்டார் என்று தெரிந்ததும் சுந்தரலிங்கம் உள்ளே வந்து குனிந்தார். குதிரையின் காலடியில் அந்தியில் ஏற்றுவதற்காக எண்ணெய் விட்டு வைத்திருந்த விளக்கை எடுத்தார். திரியை உருவி வெளியே போட்டார். விளக்கிலிருந்த எண்ணெயை ஒரு சொட்டுச் சிந்தாமல் போத்தலில் திரும்ப ஊற்றி, மூடியை இறுக்கித் திருகினார்.